வால்பாறை மழைக்காடு: குடும்பத்தோடு போனால் என்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

வெள்ளகோவிலான்

வணக்கமுங்க. காலாண்டு லீவில் அப்பா, அம்மா, வீட்டுக்காரம்மா, பசங்க இரண்டு பேர் எல்லோருமாக ஆனைமலைப் பக்கம் கிளம்புகிறோம். கையில் மூன்று நாள் இருக்கிறது. பெரியவள் ஏழாம் வகுப்பு. சிங்கவால் குரங்கைப் பார்த்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்னவனுக்கு யானை போதும். அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்பத் தூரம் நடக்க மாட்டார்.

எங்கள் ஊரில் வால்பாறை போய் வந்தவர்கள் காட்டுவதெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் படம்தான். மழைக்காடு மழைக்காடு என்கிறார்களே, அது அங்கே எந்த இடத்தில் இருக்கிறது? வண்டியை எங்கே நிறுத்தி எதைப் பார்க்கணும்? போய்ப் பழகினவங்க கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்க.

எஸ்டேட் டீச்சர்

தம்பி, நான் வால்பாறையிலேயே இருக்கிறேன், பள்ளிக்கூட வேலை. நீங்கள் கேட்ட கேள்வியை இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டாலே போதும், எங்கள் ஊர் உருப்பட்டுவிடும்.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வெட்டி வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். வெட்டாமல் தப்பிய காடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால். அதனால் பெரிய காட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ரோட்டோரத் துண்டுக்காட்டிலேயே நீங்கள் கேட்டது பாதி கிடைத்துவிடும்.

ஆழியாறு சோதனைச் சாவடியிலிருந்து தொடங்குங்கள். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. கீழ் வளைவுகளில் காடு காய்ந்த காடுதான், நம்ம ஊர்க் கரட்டில் பார்க்கிற மாதிரி மரங்கள். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. எல்லோரும் ஆழியாறு அணையைப் படம் எடுக்கத்தான் இறங்குவார்கள். நீங்கள் அணைக்கு முதுகைக் காட்டி, மேலே பாறையைப் பாருங்கள். வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, தமிழ்நாட்டையும் கேரளாவையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மற்ற இடங்களில் மலை உச்சிப் புல்வெளிக்கு ஏறித்தான் பார்க்கணும். இங்கே ரோட்டோரச் சுவர் வரை இறங்கி வருகிறது. பசங்க பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டகட்டி தாண்டியதும் காற்றே மாறிவிடும். மரத்தில் பாசி, கிளையெல்லாம் பெரணி, ரோட்டில் எப்போதும் ஈரம். மழைக்காடு ஆரம்பிப்பது அங்கேதான்.

சிங்கவால் குரங்குக்குப் புதுத்தோட்டம். வால்பாறை டவுனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும். நூறு ஹெக்டேருக்கும் குறைவான துண்டுக்காடுதான், அதில் நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள் இருக்கின்றன. காலையில் ஏழு, ஏழரைக்கு வந்து ரோட்டோரமாக வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். முதலில் கிளை ஆடும். பிறகு மேலிருந்து தோல், சக்கை எல்லாம் விழும். அப்போது அண்ணாந்து பார்க்கணும். வெடிப்பலா என்று ஒரு மரம், முள்ளுமுள்ளாகக் காய்க்கும். குரங்கு அந்தக் காயை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லால் கீறி, உள்ளே இருக்கிற கொட்டையை எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டு முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியோடு அது நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது உங்கள் பெரியவள் மூச்சுவிட மறந்துவிடுவாள். வால் நுனியில் குஞ்சம் இருக்கும், அதைக் காட்டுங்கள். உடம்பு கறுப்பாக, தலை மட்டும் பழுப்பாக, வால் ரொம்ப நீளமாக இருந்தால் அது கருமந்தி. இரண்டும் இங்கே உண்டு.

ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதையும் பாருங்கள். மேலே மரக்கிளைகள் ஒன்றோடொன்று சேராத இடத்தில் குரங்குகள் ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. அதற்காகக் கட்டியது.

கோவை ரைடர்

டீச்சர் சொல்வது எல்லாம் சரி, ஆனால் பசங்களுக்குப் பெரிய விலங்கு காட்டணும் என்றால் ராத்திரிதான் சரியான நேரம். எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஏற்பாடு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். லைட் அடித்துக்கொண்டு போனால் காட்டுமாடு, யானை எல்லாம் பக்கத்தில் பார்க்கலாம். நாங்கள் போனபோது சிறுத்தை கூடக் கிடைத்தது.

எஸ்டேட் டீச்சர்

ரைடர் தம்பி, தயவு செய்து இதை யாருக்கும் சொல்லித்தராதீர்கள்.

முதலில் அது சட்டத்துக்குப் புறம்பு, பிடித்தால் வழக்கு. அதைவிட முக்கியமானது, அந்த எஸ்டேட் ரோட்டில்தான் எங்கள் ஜனங்கள் ஷிஃப்ட் முடிந்து லைன் வீட்டுக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புக்கு, நடந்து போகிறார்கள். யானைக் கூட்டம் பகலில் துண்டுக்காட்டில் தங்கிவிட்டு, இருட்டியதும் தேயிலை வழியாக அடுத்த காட்டுக்குப் போகும். அந்த நேரம் முகத்தில் லைட் அடித்து ஹாரன் கொடுத்தால் கூட்டம் சிதறும். சிதறின யானை எந்த லைனுக்குள் புகும் என்று யாருக்குத் தெரியும்? ஜீப்பில் வந்தவர்கள் வீடியோவோடு ஊருக்குப் போய்விடுவார்கள். மிரண்ட யானை எங்கள் ஊரில்தான் நிற்கும்.

இதற்காகவே இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. யானை எங்கே நிற்கிறது என்று சுற்றுவட்டார மக்களுக்குக் கைப்பேசியில் செய்தி வரும். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து கொண்டுவந்தது. அதை முன்னின்று நடத்திய ஆனந்தகுமார் அவர்களுக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. வெள்ளகோவில் தம்பி, சின்னவனுக்கு அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டி விவரம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

கோவை ரைடர்

லைன் வீட்டு ஜனங்கள் விஷயம் நான் யோசிக்காத கோணம். இனி யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர்.

சேத்துமடை

யானைக்கு டாப்சிலிப் வாங்க. பொள்ளாச்சியிலிருந்து வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக 40 கிலோமீட்டருக்குள்தான். கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகள் இருக்கின்றன. வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள். ராகி, கொள்ளு எல்லாம் வேகவைத்து உருண்டை பிடித்து, ஒவ்வொரு யானைக்கும் அதன் உடம்புக்கு ஏற்ற அளவில் பாகன் வாயிலேயே ஊட்டுவார். பல பாகன்கள் மலசர் குடும்பங்கள், அப்பா பாட்டன் காலத்திலிருந்து இதே வேலை. கலீம் என்ற கும்கி இங்கேதான் இருந்து, 60 வயதில் 2023இல் ஓய்வு பெற்றது. அதற்கு மரியாதை அணிவகுப்பு நடந்தது. காட்டு யானைகளைப் பிடிக்கிற, விரட்டுகிற 99 நடவடிக்கைகளில் கலந்துகொண்ட யானை. பசங்ககிட்ட அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே கூட்டிவாங்க.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாப்சிலிப்பில் ரோட்டோரம் தெரிவதெல்லாம் மழைக்காடு இல்லை. பெரும்பாலும் இலையுதிர் காடும் தேக்குத் தோட்டமும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கட்டத் தேக்கை வெட்டி, இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டித்தான் கீழே இறக்கினார்கள். வெட்டி வெட்டி மலை மொட்டையான பிறகு ஹூகோ உட் என்ற வன அதிகாரி திரும்பத் தேக்குக் காட்டை வளர்த்தார். 1933இல் இறந்தார், அவர் கல்லறை இங்கே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அந்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. நம்ம பக்கத்து ஆள் ஒவ்வொருவரும் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டிய இடம்.

அசல் மழைக்காடு டாப்சிலிப்பில் வேண்டும் என்றால் கரியன் சோலை. வெயில் நேரத்திலும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். வனத்துறை ஆள் துணையோடுதான் போகமுடியும், அன்றைக்கு விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கிற வயசுப் பசங்க இருந்தால் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் டாப்சிலிப் – பண்டாரவரைப் பாதை இருக்கிறது. கோடையில் தீப்பருவம் வந்தால் மூடிவிடுவார்கள், உங்களுக்குக் காலாண்டு லீவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. மழை பலமாக இருந்தால் மட்டும் நிறுத்துவார்கள்.

அப்படியே பரம்பிக்குளம். கேரளாவின் காடுதான், ஆனால் ரோடு நம்ம சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டியோடு வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள், உங்கள் அப்பாவுக்கு நடை குறைவு. கன்னிமாரா தேக்கை விடவே விடாதீர்கள். சுற்றளவே சுமார் 7 மீட்டர். மத்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம்.

இருவாச்சி

உடுமலைக்காரன் நான், பறவை பார்ப்பவன். இவ்வளவு பேர் எழுதியும் இருவாச்சியை யாரும் சொல்லவில்லையே!

ஆனைமலைக்கு வந்து மலை இருவாச்சியைப் பார்க்காமல் போகக் கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் கேட்கும். மரங்களுக்கு மேலே புஸ் புஸ் என்று இறக்கைச் சத்தம் வரும். அண்ணாந்தால் மூன்றடிக்கு மேல் நீளமான பறவை, மஞ்சள் அலகு, அலகின் மேல் இன்னொரு கொண்டை. நின்று பார்க்க வாய்த்தால் கண்ணைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ஆண், வெளிறி இருந்தால் பெண். பைனாகுலரில் அது நன்றாகவே தெரியும்.

இதன் குடித்தனம்தான் அதிசயம். பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். மூன்று மாதத்துக்கு மேல் வெளியே வராது. அத்தி, ஆல் போன்ற பழங்களைத் தொண்டையில் நிரப்பிக் கொண்டுவந்து ஆண் ஒவ்வொன்றாகக் கக்கிக் கக்கி ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு இல்லை. பொந்து விழுகிற அளவுக்குப் பெருத்த மரம் வேண்டும், அப்படி ஒரு மரம் ஆக நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். பழங்களைத் தின்று கொட்டையை ஊரெல்லாம் போட்டு மரங்களை முளைக்க வைப்பதும் இதே பறவைதான். மரம் வெட்டக் கூடாது என்று நான் வேறு யாருக்கும் பாடம் எடுப்பதில்லை, இந்தக் கதையை மட்டும் சொல்வேன்.

நீங்கள் வருகிற சமயம் கூட்டுக்காலம் இல்லை, அது டிசம்பர், ஜனவரிக்குப் பிறகு. அதனால் ஒரு வகையில் உங்களுக்கு லாபம், ஆணும் பெண்ணும் சேர்ந்தே வெளியில் திரியும். பழுத்த அத்தி மரம் எது என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். அதன் பக்கத்தில் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மலை அணிலும் மந்தியும் பறவையும் அங்கேயே வரும்.

கூட்டு மரத்தை யாராவது காட்டுகிறேன் என்று கூப்பிட்டாலும் அடியில் போய் நிற்க வேண்டாம். கீழே ஆள் இருந்தால் ஆண் இரை கொடுக்க வராது.

மலைப்பாதை

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் குடும்பத்தோடு போனோம். ஒரு விடுதியில் "இங்கிருந்தே எல்லா மிருகமும் தெரியும்" என்று சொல்லி நிறையப் பணம் வாங்கினார்கள். இரண்டு நாளும் மழை, மூடுபனி. தெரிந்தது காட்டுமாடு ஒன்று, அதுவும் தேயிலைக்குள் முதுகு மட்டும். மழைக்காட்டில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் எங்கள் அனுபவம். முதுமலை, பந்திப்பூர் போயிருந்தால் மான் கூட்டமாவது பார்த்திருக்கலாம்.

இருவாச்சி

உங்கள் வருத்தம் நியாயம்தான். விலங்கு தெரியும் என்று உத்தரவாதம் கொடுத்துப் பணம் வாங்குவது தப்பு. காட்டுக்கு யாரும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் முதுமலையோடு ஒப்பிட்டால் மழைக்காடு எப்போதும் தோற்கும். அங்கே திறந்த காடு, புல் இருக்கிறது, புல்லைத் தின்னும் மான் கூட்டமாகத் தரையில் நிற்கும். இங்கே சாப்பாடெல்லாம் 100 அடிக்கு மேலே இலையிலும் பழத்திலும் இருக்கிறது, உயிர்களும் அங்கேதான். தரையில் தேடினால் கிடைக்காது. மூடுபனியிலும் நின்று காது கொடுத்தால் சீகாரப் பூங்குருவி ஆள் விசிலடிப்பது போலவே பாடும். விடியற்காலையில் ஆரம்பித்தால் வெளிச்சம் வரும்வரை விடாது.

மழை நாளில் தரையையும் அடிமரத்தையும் பாருங்கள். ராத்திரி விடுதி வாசலில் டார்ச்சை இலை மேல் அடித்தாலே தவளை விதவிதமாக உட்கார்ந்திருக்கும். விரல் நகத்தளவு புதர்த்தவளை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம் போடும். இந்த மலையில் இருக்கிற தவளைகளில் நிறைய உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. மேற்குத் தொடர்ச்சி மலையை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த மாதிரிச் சின்ன உயிர்களும் காரணம்.

பல்லடத்து விவசாயி

வெள்ளகோவில் தம்பிக்கு ஒரு வார்த்தை. அப்பாவைக் கூட்டிப்போறீங்க இல்ல, அப்போ சோலையாறு அணையைக் கட்டாயம் காட்டுங்க. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) கடைமடைக்காரர் அவர், தண்ணி எங்கிருந்து கிளம்புதுன்னு பார்க்க ஆசை இருக்கும்.

மேல் நீராறு, கீழ் நீராறு இரண்டிலும் பிடிக்கிற தண்ணி சுரங்கம் வழியாகச் சோலையாறு. அங்கிருந்து பரம்பிக்குளம். பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். அப்புறம் சர்க்கார்பதி மின்நிலையம், அங்கிருந்து மலையைக் குடைந்தும் ஓரமாக வெட்டியும் போட்ட 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணை. அதன் பிறகுதான் நம்ம வாய்க்கால். கோவை, திருப்பூர் மாவட்டத்தில் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலமாக முறை வைத்துப் பாய்கிறது. பெரும்பகுதியை 1960களில் கட்டினார்கள். கேரளாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல்.

மலையின் மறுபக்கம் இருக்கிற நமக்கு மழை குறைவு. சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று, அங்கே கொட்டுவதுதான் நம்ம தென்னைக்கு வருது. அதுவும் காடு இருக்கிறதால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகளில் தண்ணி கசிந்து வந்துகொண்டே இருக்கு. பயிருக்கு முறை எப்போ வரும்னு காத்துக் கிடந்தவன் என்கிற முறையில் சொல்றேன், அந்த மலையில் பாட்டில் வீசிட்டு வர்ற பயலைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வெள்ளகோவிலான்

ஐயா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சோலையாறும் நீராறும் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரொம்ப நன்றிங்க.

அம்மாவுக்கு ஒரே பயம், அட்டை. உப்பு எடுத்துக்கொள்ளவா, மூக்குப்பொடியா? கூழாங்கல் ஆற்றில் பசங்களைக் குளிக்க விடலாமா? அப்புறம் திரும்பும்போது மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போய்ச் சாலக்குடி இறங்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார், அது எப்படி?

சேத்துமடை

ரோட்டோரம் நிற்பதற்கு அட்டை பெரிய விஷயமே இல்லைங்க. சோலைக்குள் நடந்தால்தான். அட்டைச் சாக்ஸ் என்றே முழங்கால் வரை துணியில் வருகிறது, அதைப் போட்டுக்கொண்டால் ஏறினாலும் கடிக்க வழியில்லை. உப்பு, மூக்குப்பொடி போட்டாலும் விழும், ஆனால் காட்டுக்குள் உப்பைக் கொட்டிக்கொண்டே போகக் கூடாது. கடித்துக்கொண்டிருந்தால் நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள், வந்துவிடும். அட்டை எச்சிலில் ரத்தம் உறையாமல் செய்கிற பொருள் இருப்பதால் பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வரும். சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சை வைத்து அழுத்தினால் போதும். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எஸ்டேட் டீச்சர்

கூழாங்கல் ஆற்றில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. மேலே எங்கோ பெய்கிற மழை இங்கே தெரியாது, தண்ணி திடீரென்று ஏறிவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் எங்கள் ஆறுகளில் போனதைப் பார்த்திருக்கிறோம், மறுபடி பார்க்கிற தெம்பு எங்களுக்கு இல்லை. குளிக்கணும் என்றால் ஆழியாறு பக்கத்தில் குரங்கு அருவி, வனத்துறை திறந்துவிட்டிருந்தால் மட்டும்.

மளுக்கப்பாறை ரோடு அருமையான ரோடு, சோலையாற்றுக்கு அந்தப் பக்கம் போகப்போகக் காடு இன்னும் அடர்த்தி. இரண்டு முனையிலும் சோதனைச் சாவடி, மாலைக்கு மேல் விடமாட்டார்கள். வழியில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஆனால் உங்கள் மூன்று நாளில் அதையும் சேர்த்தால் எல்லாமே ஓட்டமாகிவிடும். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறையிலிருந்து டாப்சிலிப்புக்கு நேர் ரோடு நமக்குக் கிடையாது, பொள்ளாச்சி இறங்கித்தான் ஏறணும். அதனால் முதல் நாள் டாப்சிலிப், பரம்பிக்குளம், ராத்திரி பொள்ளாச்சியோ ஆனைமலையோ தங்கிவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் வளைவு ஏறினால் வரையாடு பார்க்கலாம், மதியத்துக்கு மேல் அப்பாவுக்குச் சோலையாறு அணையும் நீராறும். மூன்றாம் நாள் காலை முழுக்கப் புதுத்தோட்டம் மட்டும். வேறெங்கும் அவசரப்பட்டு ஓடாதீர்கள், சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்குள் இறங்க ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரலாம்.

வெள்ளகோவிலான்

அப்படியே செய்கிறோம் டீச்சர். இ-பாஸ் இன்றைக்கே போடுகிறேன். பரம்பிக்குளத்துக்கு முன்பதிவு வேணுமா, நேரில் போனால் டிக்கெட் கிடைக்குமா?

சேத்துமடை

லீவு நாளில் நேரில் வந்தால் வண்டி கிடைக்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். முன்பே பதிவு செய்துவிட்டு, காலை ஏழு மணிக்குள் சேத்துமடை சாவடிக்கு வந்துவிடுங்க.